பாட்டும் பகடியும்

பாட்டைக் கேட்டு மகிழ்வார் பலர், உருகுவார் சிலர். பாட்டைக் கேட்டுச் சிரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் உலகில் உண்டு. இன்று அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

வலையொலி என்று நாம் தமிழில் வழங்கும் பாட்காஸ்ட்டுக்கு அப்பெயர் ஏற்பட்டது 2004-ஆம் ஆண்டில். பெயர் ஏற்பட்ட நாள்முதல் நகைச்சுவையாளர்கள் அதை விடவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நண்பர் இருவர் ஒலிவாங்கியின் முன் அமர்வார்கள். ஊரெல்லாம் முணுமுணுக்கும் ஒரு பாப் பாட்டை எடுத்துக்கொள்வார்கள். அதன் அடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் பரப்புவார்கள். 'இந்தச் சொல் இங்கே எதற்காக வந்தது?' என்று ஒருவர் கேட்பார். 'எதுகைக்காக அழைத்து வந்தார்கள். வந்தவர் திரும்பிப் போகவில்லை' என்கிற பாங்கில் மற்றவர் விடை சொல்வார். ஒரு மணி நேரம் இப்படியே போகும். நான் இவற்றை விரும்பிக் கேட்பவன், வாய்விட்டுச் சிரிப்பவனுங்கூட.

சிரித்து முடித்த பின் ஒரு வினா மட்டும் எஞ்சி நிற்கிறது. இவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்களா, அல்லது சிரிப்பதென்று முடிவு கட்டிக்கொண்டு கேட்கிறார்களா? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால், கல்லூரி விடுதியில் தான் நெஞ்சில் வைத்துப் போற்றும் ஒரு பாட்டைத் தோழர் நால்வர் கூடிக் கேலி செய்யக் கேட்டு, முகம் வாடி அறைக்குள் சென்ற மாணவனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேலி பாட்டின்மேல்தான் எறியப்பட்டது, பட்டது வேறிடத்தில்.

நகை பிறக்கும் நிலைக்களம் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்தார். எள்ளல் ஒன்று, இளமை ஒன்று, பேதைமை ஒன்று, மடமை ஒன்று. பாப் பாட்டை எள்ளும் கலையின் வரலாற்றை நோக்கும்போது, எள்ளல் எங்கே முடிகிறது, பேதைமை எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் எனக்கு ஐயம் எழுகிறது. அந்தப் பேதைமை பாட்டை எழுதியவருடையதா, சிரித்தவருடையதா என்பதுதான் வழக்கு.

அமெரிக்காவில் 1950-களில் ஸ்டீவ் ஆலன் என்ற நகைச்சுவையாளர் பெரும்புகழ் பெற்றிருந்தார். அவரும் சாமானியர் அல்லர். தாமே ஆயிரக்கணக்கான பாட்டுகளை இயற்றியவர். ஒரு நாளைக்கு 50 பாட்டு வீதம் ஒரு வாரம் முழுவதும் இயற்றிக் காட்டுவதாகப் பாடகர் பிராங்கி லேனிடம் பந்தயம் கட்டி, ஹாலிவுட்டில் ஓர் இசைக்கடையின் கண்ணாடிச் சாளரத்துக்குள் ஊரார் காண உட்கார்ந்து இயற்றி வென்றவர். (அந்த 350 பாட்டுகளுள் எத்தனை நிலைத்தன என்று கேட்பது நாகரிகம் ஆகாது.) அக்காலத்தில் ராக் அண்ட் ரோல் என்னும் புதிய பாட்டு இளைஞர்களை ஆட்டிப் படைக்கத் தொடங்கியிருந்தது. ஆலனுக்கு அதில் மதிப்பு இல்லை. ஜீன் வின்சென்ட் என்பவர் 1956-இல் பாடிய 'பீ-பாப்-அ-லூலா' என்ற பாட்டின் சொற்களை எடுத்துக்கொண்டு, பின்னால் மெல்லிய பியானோ ஒலிக்க, பெருங்கவிஞர் ஒருவரின் இரங்கற்பாவைப் படிப்பதுபோல மிக நிதானமாகத் தொலைக்காட்சியில் படித்தார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்றைய வலையொலிகளிலும் அதே உத்திதான் மீண்டும் மீண்டும் வருகிறது. அது சிரிப்பூட்டுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது எதை மெய்ப்பிக்கிறது? நம் கச்சேரி மேடையில் பாடும் தில்லானா ஒன்றின் சொற்கட்டுகளை எடுத்து, தாளத்தையும் இராகத்தையும் நீக்கிவிட்டு, வருவாய்த்துறைக் கடிதத்தைப் படிப்பதுபோல ஒருவர் படித்துக் காட்டட்டும். அவையும் சிரிக்கத்தான் சிரிக்கும். தாய் பாடும் ஆராரோவை நீதிமன்றத்தில் எழுத்தர் படித்தாலும் அதே கதிதான். மீனைத் தண்ணீரினின்று எடுத்துத் தரையில் போட்டு, 'பாருங்கள், இதற்கு நடக்கத் தெரியவில்லை' என்பது போன்றது இது. பாட்டிற்கென்று எழுதிய சொல் பொருளைச் சுமப்பதோடு தாளத்தையும் சுமக்கிறது. சில சொற்கள் தாளத்தை மட்டுமே சுமக்கின்றன. அவற்றின் பொருள் என்னவென்று கேட்பவர், மத்தளம் என்ன சொல்கிறது என்றும் கேட்கலாம்.

அதே ஆலன் செய்த மற்றொரு வேடிக்கை இதைவிடப் பெயர் பெற்றது. 1956 ஜூலை 1-ஆம் நாள் எல்விஸ் பிரெஸ்லி அவருடைய நிகழ்ச்சிக்கு வந்தார். பிரெஸ்லியின் ஆட்டத்தைப் பற்றிப் பெற்றோர்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆலன் அவருக்கு மாலை விருந்துக்குரிய நீண்ட கோட்டை அணிவித்து, எதிரே ஒரு முக்காலியில் காது தொங்கும் நாய் ஒன்றை உட்கார வைத்து, அதன் தலையில் தொப்பியும் வைத்து, அதைப் பார்த்து 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டைப் பாடச் செய்தார். வேட்டைநாய் என்பது அத்தலைப்பின் பொருள். நாயைப் பற்றிய பாட்டு. ஆகவே நாயிடமே பாடட்டும் என்பது வேடிக்கை. இளைஞர் பிரெஸ்லி முகம் கோணாமல் பாடி முடித்தார். மறுநாளே நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று அதே பாட்டை இசைத்தட்டுக்காகப் பாடினார். வெளியே அவருடைய அன்பர்கள், உண்மையான எல்விஸே தங்களுக்கு வேண்டும் என்று பதாகை பிடித்து நின்றார்கள்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பாட்டு நாயைப் பற்றியதே அன்று. பத்தொன்பது வயது இளைஞர் இருவர், ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்போர், பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகிக்காக எழுதியது அது. அவர் 1952-இல் ஒலிப்பதிவு செய்தார். தட்டு 1953-இல் வெளிவந்தது. தன் உழைப்பில் உண்டு திரியும் பயனற்ற ஆடவன் ஒருவனை ஒரு பெண் வாயிலுக்கு வெளியே துரத்துகிறாள். அவனை நாய் என்கிறாள். உருவகம்! இடையில் வேறொரு குழுவினர் சொற்களை மாற்றிவிட்டார்கள். பிரெஸ்லி பாடியது அந்த மாறிய வடிவம். துரத்தப்பட்ட ஆடவன் மறைந்தான். நாய் மட்டும் நின்றது. தார்ன்டனின் தட்டைக் கேட்டிருந்த ஒருவருக்கு, மேடையில் உட்கார்ந்திருந்த அந்த நாய் சிரிப்பைத் தந்திருக்காது. உருவகத்தை நேர்ப்பொருளாகக் கொள்வதை நம் இலக்கண ஆசிரியர்கள் எந்த நிலைக்களத்தில் வைத்திருப்பார்கள் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி, கேட்டுவிட்டுச் சிரித்தவர் ஒருவரைப் பார்ப்போம். அவர் பெயர் ஸ்டான் பிரீபெர்க். என் கருத்தில் இத்துறையின் தலைமகன் அவரே. 1954-இல் 'ஷ்பூம்' என்னும் பாட்டு அமெரிக்காவெங்கும் ஒலித்தது. பிரீபெர்க் அதைத் தாமும் பாடி ஒரு தட்டு வெளியிட்டார். அதில் பாட்டை நடத்துபவர் பாடகர்களைக் கடிந்துகொண்டே இருக்கிறார். ஏன்? சொற்கள் தெளிவாகக் கேட்டுவிடுகின்றனவாம்! இன்னும் குழறிப் பாட வேண்டும். இல்லையேல் மக்களுக்குப் புரிந்துவிடும் என்பது அவர் கவலை. 1956-இல் 'தி கிரேட் பிரிட்டெண்டர்' என்ற பாட்டை எடுத்துக்கொண்டார். அந்தப் பாட்டில் பியானோ தொடக்கமுதல் முடிவுவரை ஒரே சுரக்கட்டை டிங்கு டிங்கு என்று தட்டிக்கொண்டிருக்கும். பிரீபெர்க்கின் தட்டில் அந்தப் பியானோக்காரருக்குப் பொறுமை போய்விடுகிறது. தாம் ஜாஸ் வாசிக்கப் பிறந்தவர் என்று சொல்லி, இடையிடையே தம் விருப்பப்படி ஓடிவிடுகிறார். பாடகர் அவரை இழுத்துப் பிடித்து மீண்டும் டிங்கு டிங்குக்குக் கொண்டுவருவதுதான் முழு நாடகமும்.

1957-இல் வந்த வாழைப்பழப் படகுப் பாட்டின் பகடி இன்னும் நயமானது. மூலப்பாட்டில் பாடகர் உரத்த குரலில் நீட்டிக் கூவுவார். பகடியில், பக்கத்தில் முரசு தட்டும் இளைஞருக்குக் காது வலிக்கிறது. தள்ளிப் போய்க் கூவும்படி சொல்கிறார். பாடகர் ஒவ்வொரு முறையும் எழுந்து, நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்க் கூவிவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து அடுத்த அடியைப் பிடிக்கிறார்!

இவற்றையெல்லாம் கேட்ட பின்பு மூலப்பாட்டைக் கேளுங்கள். பியானோவின் அந்த ஒற்றைத் தட்டு முன்பு நம் காதில் விழுந்திருக்காது, இப்போது விழும். நமக்கு முன்னால் பிரீபெர்க்குக்கு அது கேட்டிருக்கிறது. அவர் சொற்களைத் தாளத்தினின்று பிரிக்கவில்லை. பாட்டைப் பாட்டாகவே வைத்துக்கொண்டு, உள்ளே புகுந்து, அதன் ஆணி எது, முளை எது என்று தட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு பாட்டை நன்றாகக் கேலி செய்ய வேண்டுமானால் அதன் அன்பர்களைவிட அதிகமாகக் கேட்டிருக்க வேண்டும்போலும்.

அதே 1957-இல் அவர் வானொலியிலும் 15 வாரம் நிகழ்ச்சி நடத்தினார். அதில் ஒரு நாள் ஆற்றைப் பற்றிய புகழ்பெற்ற நாடகப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்குகிறார். அருகே தணிக்கையாளர் ஒருவர் ஒலிப்பானுடன் உட்கார்ந்திருக்கிறார். கிழவன் என்ற சொல்லா? கூடாது; முதியவர் என்க! பேச்சுவழக்கில் திரிந்த சொல்லா? இலக்கணப்படி திருத்துக! ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப்பான் அலறுகிறது. கடைசியில் பாட்டில் ஆறும் இல்லை, ஓட்டமும் இல்லை. வானொலி நிலையத்தில் நின்றுகொண்டு நான் இதற்குமேல் விரிப்பது நன்றன்று.

இங்கிலாந்தில் 1965-இல் நடிகர் பீட்டர் செல்லர்ஸ், பீட்டில்ஸ் குழுவினரின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டை ஷேக்ஸ்பியர் நாடகத்து மூன்றாம் ரிச்சர்டு மன்னனாக லாரன்ஸ் ஒலிவியர் பேசிய குரலில் படித்துத் தட்டு வெளியிட்டார். ஆலன் செய்ததைப் போன்றதுதானே இது என்று கேட்பீர்கள். உத்தி ஒன்றுதான், ஆனால் சிரிப்பின் முகம் வேறு. கேட்பவருக்குப் பாட்டின்மேல் இகழ்ச்சி தோன்றுவதில்லை. ஒலிவியரின் ஆடம்பர நடிப்பின்மேல்தான் குறும்பு விளையாடுகிறது. அதைத் தயாரித்தவர் பீட்டில்ஸின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் என்றால் வேறு சான்று வேண்டுமோ?

'வியர்டு ஆல்' யாங்கோவிக் என்பவரைப் பற்றியும் ஒரு சொல். மைக்கேல் ஜாக்சனின் பாட்டைச் சாப்பாட்டுப் பாட்டாக 1984-இல் மாற்றிப் பாடியவர் அவர். மூலப்பாட்டுக்காரரிடம் இசைவு பெற்ற பிறகே பகடி செய்வது அவர் வழக்கம். 1992-இல் நிர்வாணா குழுவின் பாட்டைப் பகடி செய்தபோது, பாடுபவர் சொல்வது ஒன்றும் புரியவில்லை என்பதையே பொருளாகக் கொண்டார். அக்குழுவின் கர்ட் கோபெய்ன் அதற்கு மகிழ்ந்து இசைந்தார். 'ஷ்பூம்' பகடிக்குப் பின் 38 ஆண்டுகள் சென்றும் அதே நகைச்சுவை! இளைஞர் பாட்டின் சொற்கள் எந்தத் தலைமுறைக்கும் புரிவதில்லை என்று தெரிகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒருமுறை இந்த வழக்கை விசாரித்தது. ராய் ஆர்பிசன் 1964-இல் பாடிய பாட்டொன்றை 'டூ லைவ் க்ரூ' என்னும் குழுவினர் பகடி செய்ய, உரிமை பெற்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விற்பனைக்காகச் செய்த பகடியும் நேர்மையான பயன்பாடாக இருக்கலாம் என்று 1994-இல் நீதிபதிகள் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பில் ஒரு பாகுபாடு வருகிறது. மூலத்தையே பேசுபொருளாகக் கொண்டு எள்ளுவது ஒன்று. மூலத்தைக் கருவியாக வைத்துக்கொண்டு வேறு யாரையோ எள்ளுவது மற்றொன்று. சட்டத்துக்காகச் செய்த இந்தப் பாகுபாடு நமக்கும் இனி உதவப்போகிறது.

அதற்கு முன் ஒரு கேக்கின் கதை. 'மெக்ஆர்தர் பார்க்' என்னும் பாட்டை ஜிம்மி வெப் எழுத, நடிகர் ரிச்சர்டு ஹாரிஸ் 1968-இல் பாடினார். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. காதல் போயிற்று என்பதைச் சொல்ல, பூங்காவில் யாரோ வைத்துவிட்டுப் போன கேக் மழையில் கரைவதை அது சொல்கிறது. நகைச்சுவையாளர்களுக்கு இதைவிட வேறென்ன விருந்து வேண்டும்? டேவ் பாரி என்னும் பத்திரிகையாளர் தம் வாசகர்களிடம் மிக மோசமான பாட்டு எதுவென்று கேட்டபோது, இதுவே முதலிடம் பெற்றது. அவர் 1997-இல் மோசமான பாட்டுகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். வெப் சொன்ன விளக்கமோ எளியது. லாஸ் ஏஞ்சலஸில் அப்படி ஒரு பூங்கா உண்டு. தம் காதலியை அங்கேதான் சந்திப்பார். பாட்டில் உள்ளவை எல்லாம் அங்கே கண்ணால் கண்டவையே. அகப்பாட்டில் வரும் உள்ளுறையைப் பழகிய நம் மாணவர்களுக்குக் கரையும் கேக் அவ்வளவு வியப்பாக இராது. ஆயினும் நானும் அந்த இடத்தில் சிரிப்பதுண்டு. ஹாரிஸ் அதை அவ்வளவு பெருமூச்சோடு பாடுகிறார்!

இதே பாட்டை டோனா சம்மர் என்னும் பாடகி 1978-இல் டிஸ்கோ தாளத்தில் பாட, அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. டிஸ்கோ என்பது ஆடுவதற்கென்றே அமைந்த பாட்டு. கறுப்பினத்தாரும், லத்தீன் அமெரிக்க மரபினரும், ஓரினக் காதலரும் கூடிய நடனக்கூடங்களில் வளர்ந்து, பிறகு எல்லார் வீட்டுக்கும் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் சிகாகோ நகரில் ஒரு வானொலி நிலையம், இனி டிஸ்கோ மட்டுமே ஒலிக்கும் என்று முடிவு செய்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் டால் என்னும் இளம் நகைச்சுவை அறிவிப்பாளர், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் வேலையிழந்தார். மற்றொரு நிலையத்தில் சேர்ந்து அன்றாடம் டிஸ்கோவைக் கேலி செய்யலானார். தட்டைச் சுழலவிட்டு, முள்ளைக் கரகரவென்று இழுத்து, வெடியோசை ஒன்றை ஒலிக்கச் செய்வார். ராட் ஸ்டூவர்ட்டின் டிஸ்கோப் பாட்டொன்றைப் பகடியாகவும் பாடினார். கேட்பவர் கூட்டம் பெருகியது. இந்த அளவில் நிற்குமாயின், வேலை போன ஒருவர் சிரித்து ஆறிய கதை என்று நாம் விட்டுவிடலாம்.

1979 ஜூலை 12-ஆம் நாள், சிகாகோவின் காமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில் ஒரே மாலையில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் நடக்க ஏற்பாடாகியிருந்தன. ஒரு டிஸ்கோத் தட்டைக் கொண்டுவருபவருக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே. ஆட்டங்களின் இடைவேளையில் டால் அத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்ப்பார் என்று அறிவித்திருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 50,000 பேர். இடமின்றி வெளியே நின்றவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. டால் போர்வீரர் தலைக்கவசத்துடன் வண்டியில் வந்தார். பெட்டி நிறையத் தட்டுகள் வெடித்துச் சிதறின. புல்தரையில் பள்ளம் விழுந்தது. அடுத்த கணம் ஆயிரக்கணக்கானோர் வேலி தாண்டி உள்ளே குதித்தார்கள். தீ மூட்டினார்கள். தட்டுகள் கத்திகளைப்போலப் பறந்தன. காவலர் வந்து 39 பேரைச் சிறைப்படுத்தினர். இரண்டாம் ஆட்டம் நடக்கவே இல்லை. சிகாகோ அணி அதை இழந்ததாக அறிவிக்கப்பட்டது.

டால், தாம் ஒரு நாகரிக மோகத்தைக் கேலி செய்ததல்லாமல் எந்த மக்களையும் வெறுத்ததில்லை என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் உள்ளத்தை அளக்க நமக்கு அளவுகோல் இல்லை. ஆனால் அன்று அந்த அரங்கில் இருக்கை காட்டும் பணியில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் நின்றுகொண்டிருந்தார். மக்கள் கொண்டுவந்து குவித்த தட்டுகளை அவர் பார்த்தார். டிஸ்கோவே அல்லாத தட்டுகளும் அவற்றில் இருந்தன. அவற்றுக்குள் ஒற்றுமை ஒன்றுதான்: பாடியவர்கள் கறுப்பினத்தார். இதை அவர் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். தட்டைக் கொண்டுவந்தவர்கள் அதைக் கேட்டிருக்கவில்லை; உறையின்மேல் இருந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். நீதிமன்றம் சொன்ன இரண்டாம் வகை இது. பாட்டு கருவியாகிவிட்டது, எள்ளப்பட்டவர்கள் வேறு.

பிரீபெர்க்கின் பியானோக்காரருக்கும் இந்தத் தீக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? ஒரே நாடு, 23 ஆண்டுகள், இரண்டிலும் சிரிப்புத்தான் தொடக்கம். முன்னவர் அந்த டிங்கு டிங்கை நூறு முறையாவது கேட்டிருப்பார். பின்னவர் கூட்டத்தில், தாம் எரித்த தட்டின் ஒரு பக்கத்தையாவது முழுதும் கேட்டவர் எத்தனை பேரோ!

ஸ்டீவ் டால் பின்னாளில் வானொலியை விட்டுத் தாமே வலையொலி நடத்தினார். டோனா சம்மர் 1977-இல் பாடிய 'ஐ ஃபீல் லவ்' என்னும் பாட்டை, பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. வின்ஸ் லாரன்ஸ் அன்று இருக்கை காட்டி ஈட்டிய பணத்தை, மின்னிசைக் கருவி ஒன்று வாங்குவதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். வாங்கினார். 1984-இல் அவரும் ஜெசி சாண்டர்ஸும் சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' என்னும் பாட்டை இயற்றினர். டிஸ்கோவின் தாளத்தினின்று சிகாகோவிலேயே பிறந்த ஹவுஸ் என்னும் இசைவகையின் முதல் தட்டு அதுவே என்று பலர் சொல்வர். அதன் தாளமும் தொடக்கமுதல் முடிவுவரை ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. வலையொலி நண்பர்கள் அதைக் கேலி செய்யாமல் விடுவார்களா? அந்தக் கேலியையும் நான் கேட்பதுண்டு. முதலில் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு.